ஃபர்ஸ்ட் கோட் ஓவர்... செகண்ட் கோட் அடிக்கிற வரைக்கும் பிரஷ் காயாம இருக்க என்ன செய்யணும்?

சனிக்கிழமை மதியம் வாசல் கேட்டுக்கு முதல் கோட் எனாமல் அடித்து முடிக்கிறீர்கள். அடுத்த கோட்டுக்கு ராத்திரி முழுக்கப் பொறுக்கச் சொல்லி டப்பாவில் போட்டிருக்கிறது. பிரஷ்ஷை டப்பா மூடி மேலேயே வைத்துவிட்டு சாப்பிடப் போகிறீர்கள், அப்படியே மறந்தும் போகிறீர்கள். ஞாயிறு காலையில் வந்து பார்த்தால் பிரஷ் துடைப்பக்கட்டை மாதிரி விறைத்துக் கிடக்கிறது. தெருமுனை ஹார்டுவேர் கடைக்கும் அன்று லீவு. கேட் பாதி பளபளப்பு, பாதி மொட்டையாக இன்னொரு வாரம் நிற்கும்.

பொங்கலுக்கு முன்னால் வீட்டுக்கு வெள்ளையடிப்பது நமக்குப் பழக்கம்தான். ஆனால் இப்போது கேட், ஜன்னல் கம்பி, பால்கனி கிரில் போன்ற சின்ன வேலைகளுக்கு பெயிண்டர் கிடைப்பதே கஷ்டம். கிடைத்தாலும் அரை நாள் வேலைக்கு ஒரு நாள் கூலி. அதனால் நாமே பிரஷ்ஷைக் கையில் எடுத்துவிடுகிறோம். அடிப்பது பெரிய வித்தை இல்லை. இரண்டு கோட்டுக்கும் நடுவில் பிரஷ்ஷை எப்படி வைத்திருப்பது என்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள்.

பிரஷ் வீணானால் போவது நூறு, இருநூறு ரூபாய். அதைக் காப்பாற்ற வீட்டுக்குள் செய்யும் சில வேலைகள் அதைவிட ஆபத்தானவை. தண்ணீர் பாட்டிலில் டர்பன்டைன் ஊற்றி வைப்பது அதில் ஒன்று. அதையும் சேர்த்தே பார்த்துவிடுவோம்.

பெயிண்ட் எப்படிக் காய்கிறது?

எல்லா பெயிண்டும் ஒரே மாதிரி காய்வதில்லை. ஒரு பெயிண்டுக்குச் சரியாக வரும் வழி இன்னொன்றுக்குச் சரிப்படாமல் போக இதுதான் காரணம்.

சுவருக்கு அடிக்கும் எமல்ஷனை எடுத்துக்கொள்வோம். பார்க்க பால் மாதிரி இருந்தாலும், உள்ளே கண்ணுக்குத் தெரியாத குட்டிக் குட்டி பிளாஸ்டிக் உருண்டைகள் தண்ணீரில் மிதந்துகொண்டிருக்கின்றன. தண்ணீர் ஆவியாகப் போகப் போக, உருண்டைகள் நெருங்கி, ஒன்றோடொன்று ஒட்டி, ஒரே படலமாக ஆகிவிடும். அப்படி ஆன பிறகு எத்தனை வாளி தண்ணீர் ஊற்றினாலும் பழைய நிலைக்குத் திரும்பாது. சுவரை ஈரத்துணியால் துடைத்தாலும் பெயிண்ட் வராமல் இருப்பது இதனால்தான். காய்ந்த பிரஷ்ஷைத் தண்ணீரில் ஊற வைத்தால் இளகாமல் இருப்பதற்கும் அதே காரணம். ஆக, எமல்ஷன் பிரஷ்ஷில் தண்ணீர் ஆவியாகாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

கேட்டுக்கு அடிக்கும் எனாமல் கதை வேறு. இது எண்ணெய்ப் பசை உள்ள பெயிண்ட். முதலில் இதில் கலந்திருக்கும் டர்பன்டைன் ஆவியாகிப் போகும். அதோடு முடியாது. அதற்குப் பிறகு காற்றில் இருக்கும் ஆக்சிஜன் அந்தப் பசையோடு சேர்ந்து, இழைகளை ஒன்றோடொன்று பின்னி இறுக்கும். பாதி தீர்ந்த எனாமல் டப்பாவைப் பல மாதம் கழித்துத் திறந்தால் மேலே ஆடை படிந்திருக்கும் இல்லையா? டப்பாவுக்குள் மிச்சமிருந்த காற்று செய்த வேலை அது. எனவே எனாமல் பிரஷ்ஷுக்கு ஆவியாவதை மட்டும் தடுத்தால் போதாது, காற்றையும் தடுக்க வேண்டும்.

மரச்சாமான்களுக்கு அடிக்கும் இரண்டு டப்பா பி.யூ., இரும்புக்கும் தரைக்கும் அடிக்கும் எபாக்ஸி போன்றவை மூன்றாவது ரகம். இரண்டு திரவங்களைக் கலந்த நிமிடமே உள்ளுக்குள் இறுக ஆரம்பித்துவிடும். காற்று வேண்டாம், வெயில் வேண்டாம், கவர் போட்டு மூடினாலும் இறுகும். அந்த பிரஷ்ஷைக் காப்பாற்ற ஒரே வழி, வேலை முடிந்த உடனே அதற்குரிய தின்னரில் கழுவுவதுதான். ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு பாலிஷ் இதற்கு நேர் எதிர். காய்ந்து விறைத்துப் போனாலும் மறுபடி ஸ்பிரிட்டில் நனைத்தால் இளகி வந்துவிடும். பழைய ஆசாரிகள் பாலிஷ் பிரஷ்ஷைப் பற்றிக் கவலையே படாமல் இருந்ததன் ரகசியம் இதுதான்.

டீ குடிக்கப் போறீங்களா?

கால் மணி, அரை மணி நேர இடைவெளிக்குப் பெரிய ஏற்பாடெல்லாம் தேவையில்லை. எமல்ஷன் பிரஷ் என்றால் அதன் மேல் பிழிந்த ஈரத்துணியைச் சுற்றி, நிழலில் படுக்க வையுங்கள். முக்கியமாக, ஃபேனை நிறுத்திவிட்டுப் போங்கள். சுவர் சீக்கிரம் காயட்டும் என்று நாம் போடும் ஃபேன், பிரஷ்ஷையும் சேர்த்தே காய வைக்கும். சித்திரை வெயிலில் மொட்டை மாடி கைப்பிடிச் சுவருக்கு அடித்துக்கொண்டிருந்தால், பத்து நிமிடத்திலேயே பிரஷ்ஷின் ஓர முடிகள் ஒட்டிக்கொள்ள ஆரம்பித்துவிடும்.

எனாமல் பிரஷ் என்றால் பிளாஸ்டிக் கவரில் சுற்றி வைத்தாலே அந்த நேரத்துக்குத் தாங்கும்.

டப்பாவுக்குள்ளேயே பிரஷ்ஷை நட்டுவைத்துவிட்டுப் போவது மட்டும் வேண்டாம். முடி மடங்கும், கைப்பிடி வரை பெயிண்ட் ஏறும். அதைவிட மோசமாக, தகரப் பட்டைக்குள் பெயிண்ட் புகுந்து உட்கார்ந்துகொள்ளும். பிரஷ் சாவது நுனியில் இல்லை, அங்கேதான். தகரப் பட்டைக்கு உள்ளே, முடியின் வேர்ப்பகுதியில் காய்ந்த பெயிண்ட்டைக் கழுவி எடுக்கவே முடியாது. அது கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டியாகி முடியை அகட்டிவிடும். பிரஷ் விரல் விரித்த மாதிரி ஆவது அப்படித்தான்.

இதைத் தவிர்க்க அனுபவசாலி பெயிண்டர்கள் செய்யும் ஒரு வேலையைக் கவனித்திருக்கிறீர்களா? அடிக்க ஆரம்பிக்கும் முன்பே பிரஷ்ஷை நனைத்துவிடுவார்கள். எமல்ஷனுக்குத் தண்ணீர், எனாமலுக்கு டர்பன்டைன். நனைத்து, நன்றாக உதறிவிட்டுத்தான் பெயிண்ட்டில் விடுவார்கள். வேர்ப்பகுதி முன்பே ஈரமாக இருப்பதால் பெயிண்ட் உள்ளே ஏறி உட்கார இடம் இருக்காது. அதோடு முடியின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பெயிண்ட்டில் முக்க மாட்டார்கள். நாமோ தகரம் முழுகுகிற வரைக்கும் விட்டு எடுப்போம்!

நாலைந்து மணி நேரம் என்றால்... பால் கவர் போதும்

எமல்ஷனில் அடுத்த கோட்டுக்குப் பெரும்பாலும் நான்கு முதல் ஆறு மணி நேரம் விடச் சொல்வார்கள். சரியான நேரம் டப்பாவிலேயே இருக்கும். மழைக்காலத்தில் அதைவிடக் கூடுதலாகவே ஆகும். இந்த இடைவெளிக்கு பிரஷ்ஷைக் கழுவ வேண்டிய அவசியமே இல்லை. கழுவினால் தண்ணீரும் வீண், பிரஷ்ஷில் இருக்கும் பெயிண்ட்டும் வீண். ஈரம் போகாத பிரஷ்ஷோடு இரண்டாவது கோட் ஆரம்பித்தால் சுவரில் தண்ணீர் வடிந்து கோடு போடும்.

வெட்டிக் கழுவிய பால் கவர், பிரெட் கவர், சமையலறை கிளிங் ஃபிலிம் என எது இருந்தாலும் எடுத்துக்கொள்ளுங்கள். பிரஷ்ஷில் சொட்டும் அளவுக்குப் பெயிண்ட் இருந்தால் டப்பா விளிம்பில் வழித்துவிடுங்கள். ஆனால் முழுசாக வழித்துக் காய விடக்கூடாது, கொஞ்சம் ஈரப்பெயிண்ட் முடியில் இருப்பது நல்லதுதான். முடியை விரலால் நேராக நீவி, உளி மாதிரி கூர்மையான வடிவத்துக்குக் கொண்டுவந்து, கவருக்குள் விட்டு, உள்ளே இருக்கும் காற்றை அமுக்கி வெளியேற்றுங்கள். தகரப் பட்டையைத் தாண்டி, கைப்பிடியில் ரப்பர் பேண்ட் போட்டு இறுக்க வேண்டும். பலர் முடியை மட்டும் மூடி, பட்டையிலேயே கட்டிவிடுவார்கள். அந்த இடுக்கு வழியாகத்தான் காற்று போகும்.

ரோலருக்கும் இதே வைத்தியம்தான். சொல்லப்போனால் ரோலருக்குத்தான் இது ரொம்ப அவசியம். பஞ்சு மாதிரி பெயிண்ட்டைக் குடித்து வைத்திருக்கும் ரோலரை ஒருமுறை கழுவி முடிப்பதற்குள் பல வாளித் தண்ணீர் காலியாகும். லாரித் தண்ணீர் வாங்குகிற ஏரியாவில் இருப்பவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

எனாமல் பிரஷ்ஷுக்கு பிளாஸ்டிக் கவர் ஒரு சில மணி நேரத்துக்குத்தான் சரி. அதற்கும் காரணம் உண்டு. பால் கவர் போன்ற பாலித்தீன், தண்ணீர் ஆவியை நன்றாகத் தடுக்கும், ஆனால் ஆக்சிஜனை மெதுவாகக் கசிய விடும். எமல்ஷனுக்கு அது பிரச்னை இல்லை. எனாமல் இறுகுவதே ஆக்சிஜனால் என்பதால், பட்டும் படாமல் வேலை நடந்துகொண்டே இருக்கும். சப்பாத்தி சுற்றும் அலுமினியம் ஃபாயில் இரண்டையும் தடுக்கும். எனவே எனாமல் பிரஷ் என்றால் முதலில் ஃபாயிலை இறுக்கமாகச் சுற்றி, அதன் மேல் கவரைப் போட்டுவிடுங்கள்.

ராத்திரி முழுக்க வைக்கணுமா? தண்ணியில போடுங்க!

எனாமல் பிரஷ்ஷைத் தண்ணீரில் போடுவதா என்று கேட்கத் தோன்றும். எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது, அதுதான் இங்கே நமக்கு வசதி. பிரஷ்ஷில் இருக்கும் எனாமல் தண்ணீரில் கரையப் போவதில்லை. ஆனால் முடியைச் சுற்றித் தண்ணீர் நிற்பதால் காற்று அதை நெருங்க முடியாது. தண்ணீரில் கரைந்திருக்கும் கொஞ்சநஞ்ச ஆக்சிஜனால் ஒரே ராத்திரியில் பெரிதாக எதுவும் செய்துவிட முடியாது. கிரில், கேட் வேலை செய்யும் பெயிண்டர்கள் காலங்காலமாகச் செய்வதுதான் இது. காசும் இல்லை, வாடையும் இல்லை, தீப்பிடிக்கும் பயமும் இல்லை.

பழைய டப்பா ஒன்றில் முடி மூழ்கி, தகரப் பட்டையில் பாதி வரை வருமளவு தண்ணீர் ஊற்றுங்கள். பிரஷ் கைப்பிடி நுனியில் ஓட்டை இருக்கும். அதில் பழைய சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியையோ கெட்டியான வேறு கம்பியையோ கோத்து, டப்பா வாயில் குறுக்காக வைத்துத் தொங்கவிடுங்கள். கைப்பிடி டப்பாவைவிட நீளமாக இருந்தால், கைப்பிடி நடுவில் ஒரு ஓட்டை போட்டுக்கொள்ளலாம். முடி அடியைத் தொடாமல் தொங்குவதுதான் முக்கியம். அடியில் ஊன்றி நின்றால் காலையில் முடி 'ட' போட்டு வளைந்திருக்கும்.

காலையில் எடுத்ததும் நன்றாக உதறுங்கள். பழைய செய்தித்தாளில் வைத்து அழுத்தி, ஒரு பலகையில் நாலு இழுப்பு இழுங்கள். தண்ணீர்த் துளி ஒன்றுகூட மிச்சம் இருக்கக்கூடாது. இரும்பு கேட்டில் பெயிண்ட்டுக்கு அடியில் தண்ணீர் மாட்டினால் அந்த இடம் கொப்பளித்து, அதற்குள்ளேயே துரு பிடிக்க ஆரம்பிக்கும். கடைசியாகத் துளி டர்பன்டைனில் தொட்டு உதறிவிட்டு வேலையை ஆரம்பிக்கலாம்.

இந்த வழி ஒரு ராத்திரி, மிஞ்சினால் இரண்டு ராத்திரிக்குத்தான். ஒரு வாரம் போட்டுவைத்தால் தகரம் துருப்பிடிக்கும், கட்டை ஊறும், இயற்கை முடி பிரஷ்ஷாக இருந்தால் தொளதொளவென ஆகிவிடும். எமல்ஷன் பிரஷ்ஷை இப்படிப் போடக்கூடாது. பெயிண்ட் கரைந்து தண்ணீர்தான் கலராகும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தமிழில் 'தூரிகை' என்று அழகான சொல் இருக்கிறது. ஹார்டுவேர் கடையில் அதைக் கேட்டால் நம்மை ஒரு மாதிரி பார்ப்பார்கள். கடைக்காரரிடம் எந்த பெயிண்ட்டுக்கு என்று மட்டும் சொல்லிவிடுங்கள். எமல்ஷனுக்கு நைலான் போன்ற செயற்கை முடி, எனாமலுக்குப் பன்றி முடி என்பதுதான் பொதுவான கணக்கு. பன்றி முடி தண்ணீரைக் குடித்து உப்பிவிடும் என்பதால் எமல்ஷனில் அது சீக்கிரம் தளர்ந்துவிடும்.

ஃபிரிட்ஜில் வைக்கலாமா?

இணையத்தில் பலரும் சொல்லும் டிப்ஸ் இது. எமல்ஷன் பிரஷ்ஷுக்கு ஓரளவு உண்மைதான். குளிரில் தண்ணீர் ஆவியாவது குறையும். கவரில் இறுக்கிச் சுற்றி, இன்னொரு கவரில் போட்டு, ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்தால் மறுநாள் வரை தாங்கும். எடுத்த உடனே அடிக்காமல், அறைச் சூட்டுக்கு வரும்வரை பொறுங்கள். ஃபிரீசர் வேண்டாம். எமல்ஷன் உறைந்து உருகினால் பால் திரிந்த மாதிரி கட்டி கட்டியாகலாம்.

எனாமல், டர்பன்டைன், தின்னர் பட்ட பிரஷ்ஷை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். அதிலிருந்து கசிவது தீப்பிடிக்கும் ஆவி. ஃபிரிட்ஜ் என்பது காற்று வெளியேறாத மூடிய பெட்டி. அதற்குள் தெர்மோஸ்டாட், லைட் சுவிட்ச் என்று சின்னப் பொறி தெறிக்கும் இடங்கள் இருக்கின்றன. ஆய்வகங்களில் இப்படிப்பட்ட திரவங்களை வைக்க, உள்ளே பொறி வராத தனி ரக ஃபிரிட்ஜ்தான் பயன்படுத்துவார்கள். வீட்டு ஃபிரிட்ஜ் அதற்காகச் செய்யப்பட்டது இல்லை. தவிர, அடுத்த வாரம் முழுக்க தயிரில் பெயிண்ட் வாடை அடிக்கும்.

அந்த தண்ணீர் பாட்டில் யார் கையில் கிடைக்கும்?

கடையில் 'டர்பன்டைன்' என்று கேட்டு நாம் வாங்குவது பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் மினரல் டர்பன்டைன். பைன் மரப் பிசினிலிருந்து வரும் அசல் டர்பன்டைன் வேறு. இரண்டுமே பார்க்கத் தண்ணீர் மாதிரிதான் இருக்கும். மிச்சமானதை நாம் ஊற்றி வைப்பது எதில்? காலி வாட்டர் பாட்டிலில், இல்லையென்றால் எவர்சில்வர் டம்ளரில். வெயிலில் விளையாடிவிட்டு ஓடிவரும் குழந்தை அதைத் தண்ணீர் என்று நினைத்து ஒரு மடக்கு குடித்துவிட எவ்வளவு நேரமாகும்?

அப்படி நடந்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கவே கூடாது. உப்புத் தண்ணீர் கொடுப்பது, தொண்டையில் விரல் விடுவது இரண்டும் தப்பு. டர்பன்டைன், மண்ணெண்ணெய், தின்னர் எல்லாமே மெல்லிய திரவம். வாந்தியாக மேலே வரும்போது மூச்சுக்குழாய் வழியாக நுரையீரலுக்குள் போய்விடும். உயிருக்கு ஆபத்தான நிலைமை பெரும்பாலும் வயிற்றால் வருவதில்லை, நுரையீரலால்தான் வருகிறது. வீட்டு வைத்தியம் எதுவும் பார்க்காமல் உடனே 108-ஐ அழையுங்கள், அல்லது நேராக மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். அந்த பாட்டிலையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். இருமல், மூச்சுத்திணறல் இல்லை என்றாலும் டாக்டர் பார்த்தே ஆக வேண்டும், அறிகுறிகள் சில மணி நேரம் கழித்துக்கூட வரலாம்.

வாங்கிய டப்பாவிலேயே வைத்து, மூடி, பரணில் ஏற்றிவிடுவதுதான் ஒரே வழி. பெட்ரோலில் பிரஷ் கழுவும் பழக்கம் சில இடங்களில் உண்டு. அதன் ஆவி தரையோடு பரவி, தூரத்தில் எரியும் அடுப்பையோ சாமி விளக்கையோ தொட்டுப் பற்றும். வேண்டவே வேண்டாம்.

கையில் ஒட்டிய எனாமலையும் தின்னரில் கழுவ வேண்டாம். தேங்காய் எண்ணெய் தேய்த்து இளக்கி, பிறகு சோப்பு போட்டால் போய்விடும்.

துடைத்த துணி தானாக எரியுமா?

எரியும். கதவு, ஜன்னலுக்குப் பூசும் ஆளிவிதை எண்ணெய், அது கலந்த மரப் பாலிஷ் போன்றவை ஆக்சிஜனோடு சேரும்போது வெப்பம் வெளியாகும். துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் அந்த வெப்பம் வெளியேற வழியில்லாமல் ஏறிக்கொண்டே போய், தீக்குச்சியே இல்லாமல் பற்றிக்கொள்ளும். அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில் 'ஒன் மெரிடியன் பிளாசா' என்ற 38 மாடிக் கட்டடத்தில் 1991 பிப்ரவரி 23-ல் ஏற்பட்ட பெரும் தீவிபத்து இப்படித்தான் தொடங்கியது. ஆளிவிதை எண்ணெய் ஊறிய துணிகள் 22-வது மாடியில் கிடந்தன. தீயணைப்பு வீரர்கள் 3 பேர் அந்த விபத்தில் உயிரிழந்தனர்.

எனவே துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். வீட்டுக்கு வெளியே கொடியில் விரித்துக் காய விடுங்கள், அல்லது தண்ணீர் ஊற்றிய தகர டப்பாவில் போட்டு மூடுங்கள். விறைப்பாகக் காய்ந்த பிறகு குப்பையில் சேர்க்கலாம்.

எப்போது கழுவியே ஆக வேண்டும்?

அடுத்த கோட் இரண்டு நாளைக்குப் பிறகுதான் என்றால் சுற்றி வைப்பதெல்லாம் வேலைக்கு ஆகாது. கழுவிவிடுங்கள். எமல்ஷன் என்றால் முதலில் செய்தித்தாளில் இழுத்து முடிந்தவரை பெயிண்ட்டை எடுத்துவிட்டு, தண்ணீரும் கொஞ்சம் பாத்திர சோப்பும் போட்டு, வேர்ப்பகுதியை விரலால் விரித்து விரித்துக் கழுவ வேண்டும். பிழிந்தால் வரும் தண்ணீர் தெளிவாக இருக்கும் வரை விடாதீர்கள்.

எனாமலுக்குக் கொஞ்சம் டர்பன்டைனில் ஒரு முறை, புதிதாகக் கொஞ்சத்தில் இன்னொரு முறை, பிறகு சோப்புத் தண்ணீர். மண்ணெண்ணெயில் கழுவுவோரும் உண்டு. அது எண்ணெய்ப் பிசுக்கை விட்டுவிட்டுப் போகும், சோப்பு போடாமல் அப்படியே அடித்தால் அடுத்த கோட் காயாமல் படுத்தும். அழுக்கான டர்பன்டைனைச் சாக்கடையிலோ செடியிலோ ஊற்றிவிடாமல் மூடிய டப்பாவில் இரண்டு நாள் அசையாமல் வையுங்கள். கலர் எல்லாம் அடியில் படிந்துவிடும். மேலே நிற்கும் தெளிவை இறுத்து அடுத்த தடவைக்கு வைத்துக்கொள்ளலாம்.

கழுவிய பிரஷ்ஷை முடி மேலே இருக்கும்படி நிறுத்தி வைக்காதீர்கள். தண்ணீர் தகரத்துக்குள் இறங்கும். தலைகீழாகத் தொங்கவிட்டோ படுக்க வைத்தோ காய வைத்து, முடியைச் சுற்றி ஒரு காகிதத்தை மடித்து நூல் கட்டினால் வடிவம் மாறாமல் இருக்கும்.

ஏற்கெனவே விறைச்சுப் போச்சா?

முதலில் அது எந்த பெயிண்ட் என்று பாருங்கள். அரக்கு பாலிஷ் என்றால் ஸ்பிரிட், என்.சி. லாக்கர் என்றால் அதற்கான தின்னர். இரண்டும் பிழைத்துக்கொள்ளும். எபாக்ஸி, பி.யூ. இறுகியிருந்தால் நேரத்தை வீணாக்க வேண்டாம், தூக்கிப் போட்டுவிடலாம். எமல்ஷன் நுனியில் மட்டும் காய்ந்திருந்தால் வெந்நீரில் சோப்பு போட்டு ஊற வைத்து, பழைய சீப்பால் வாரிப் பாருங்கள், பாதிக்குப் பாதி தேறும். எனாமல் ஓரிரு நாள்தான் ஆகியிருக்கிறது என்றால் தின்னரில் ஊற வைத்துச் சீவிப் பார்க்கலாம். ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். மாதக்கணக்கில் காய்ந்தது என்றால் பெயிண்ட் ரிமூவர் வாங்கிப் போராட வேண்டியிருக்கும். புது பிரஷ்ஷைவிட ரிமூவர் விலை அதிகம்.

அப்படி விறைத்துப்போன பிரஷ்ஷையும் குப்பையில் போட வேண்டியதில்லை. முடியைப் பாதிக்கு வெட்டிவிட்டால் பைக் செயினில் ஒட்டிய சேற்றைத் தேய்க்கவும், ஜன்னல் கம்பி இடுக்கில் தூசு தட்டவும் அதுபோல் ஒன்று கிடைக்காது.